எந்தப் பாகத்திலும் இல்லாத பழுது

பாகம் பாகமாக வாங்கி வீட்டில் பூட்டிய கம்ப்யூட்டருக்கு மொத்தமாகப் பொறுப்பேற்கும் கம்பெனி என்று ஒன்று கிடையாது. சென்னை ரிச்சி தெருவில் ஒரு செட் வாங்கினால் பில்லில் ஏழெட்டு வரிகள் இருக்கும். பிராசஸர், மதர்போர்டு, ரேம், எஸ்.எஸ்.டி., எஸ்.எம்.பி.எஸ்., கேபினெட் என ஒவ்வொன்றுக்கும் தனி வாரண்டி. ஒன்று போனால் அதை மட்டும் கழற்றிக்கொண்டுபோய் மாற்றிக்கொள்ளலாம். எல்லாப் பாகமும் நன்றாக இருந்து, வைஃபையில் நெட் மட்டும் ஊர்ந்தால் எங்கே போவது? போர்டில் குறையில்லை என்பார் போர்டு விற்றவர். லைனில் குறையில்லை என்பார் இணைப்புக் கொடுத்தவர். இருவர் சொல்வதும் பெரும்பாலும் உண்மைதான். இந்த மாதிரிப் பழுது பாகங்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் உட்கார்ந்திருக்கிறது. அந்த இடங்களுக்கு யாரும் வாரண்டி எழுதித் தருவதில்லை.

வாரண்டி இல்லாத இடத்தில் பழி வந்து விழும். வீட்டில் அது, பூட்டியவர் தலையில்தான் விழுகிறது. எங்கள் குடியிருப்பில் ஒரு கல்லூரி மாணவர் இருக்கிறார். அப்பா சேர்த்து வைத்த பணத்தில், தானே பார்த்துப் பார்த்து வாங்கிப் பூட்டிய கம்ப்யூட்டர் அவருடையது. படம் உறைந்து நிற்கும். ஆன்லைன் வகுப்பில் ஆசிரியர் குரல் பாதியில் அறுந்துபோகும். “போன்ல நல்லா வருது அங்கிள், இதுல மட்டும்தான் வரமாட்டேங்குது” என்றார். அதை அவர் சொன்ன குரலில், தவறான பொருளை வாங்கிவிட்டோமோ என்ற பயம் இருந்தது. “பிராண்டட் வாங்கியிருந்தா இந்தப் பாடு உண்டா?” என்று வீட்டில் கேட்டிருக்கிறார்கள். பத்தொன்பது வயதில் அந்தக் கேள்வி சின்னக் கேள்வி இல்லை. தன் கையால் ஒன்றைச் செய்து பார்க்கும் துணிச்சலையே அது அடியோடு பிடுங்கிவிடும்.

கேபினெட்டை மேசைக்கு அடியிலிருந்து இழுத்துத் திருப்பினோம். பின்பக்கத் தகட்டில் யு.எஸ்.பி. துளைகளுக்குப் பக்கத்தில், பொன்னிறத்தில், திருகு வெட்டிய இரண்டு சிறிய முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. இரண்டும் வெறுமையாக இருந்தன. மதர்போர்டு வந்த பெட்டியைப் பரணிலிருந்து எடுத்துவரச் சொன்னேன். சாட்டா கேபிள்களுக்கும் அட்டைக்கும் அடியில், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், இரண்டு ஆன்டெனாக்கள் கிடந்தன. அவர் அதைப் பார்க்காமல் இல்லை. “இது இல்லாமலே வைஃபை வந்துச்சு, அதான் எக்ஸ்ட்ராவா குடுத்திருக்காங்கன்னு நினைச்சேன்” என்றார். அது நியாயமான முடிவுதான். வைஃபை அறவே பிடிக்காமல் போயிருந்தால் அன்றைக்கே காரணத்தைத் தேடியிருப்பார். அரைகுறையாக ஓடும் ஒன்று, தான் சரியாக ஓடுவதாகவே நம்ப வைக்கிறது.

ஆன்டெனா இல்லாவிட்டாலும் சிக்னலைச் சற்றுப் பிடிக்க, வெறும் முனையே போதும். வைஃபை சிக்னலின் பலத்தை டிபிஎம் என்ற அளவில் சொல்கிறார்கள். ஒரு மில்லிவாட் என்பது பூஜ்யம். மைனஸ் 70 என்றால், ஒரு மில்லிவாட்டில் கோடியில் ஒரு பங்கு. அதை வைத்துக்கொண்டு ஒரு வைஃபை கார்டு வீடியோ காட்டிவிடும். இந்தக் கருவிகளை நினைத்து நான் வியக்கும் இடம் அதுதான். ஒவ்வொரு 10 இறங்கும்போதும் பலம் பத்தில் ஒன்றாகிறது. மைனஸ் 50-க்கும் மைனஸ் 80-க்கும் நடுவே இருப்பது ஆயிரம் மடங்கு. ரவுட்டர் இருக்கும் அறையில் மைனஸ் 40, 50 வரும். 67 வரை வீடியோ அழைப்புக்குத் தாங்கும். 80-ஐத் தொட்டால் இணைப்பு பெயருக்குத்தான். திரையில் தெரியும் நாலு வளைவுகள் இந்த ஆயிரம் மடங்கைச் சொல்வதில்லை. விண்டோஸில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து ‘நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ இன்டர்ஃபேசஸ்’ என்ற கட்டளையை ஆங்கில எழுத்தில் அடித்தால் சிக்னல் எத்தனை சதவீதம், எந்தச் சானல், என்ன வேகத்தில் பேசிக்கொண்டிருக்கிறது என்று காட்டும். வளைவுகளை விட்டுவிட்டு அதைப் பார்க்க வேண்டும்.

சிக்னல் நலிந்தால் கார்டு தன் பேச்சை மெதுவாக்கிக்கொள்ளும். காதில் விழாதவரிடம் நிறுத்தி நிதானமாகப் பேசுவது போலத்தான். இதனால் கெடுவது அந்த ஒரு கம்ப்யூட்டர் மட்டும் அல்ல. வைஃபையில் ஒரே சானலில் இருக்கும் கருவிகள் ஒருவர் பேசி முடித்தபிறகே அடுத்தவர் பேச முடியும். வாய்ப்பு எல்லோருக்கும் சமம். ஆனால் ஒவ்வொருவரும் எடுத்துக்கொள்ளும் நேரம் சமமில்லை. 2003-இல் பிரான்சின் கிரெனோபிள் நகரத்து ஆய்வாளர்கள் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அன்றைய 11 மெகாபிட் வைஃபையில் ஒரே ஒரு கருவி 1 மெகாபிட் வேகத்தில் பேசினால், 11-இல் பேசும் மற்ற எல்லாக் கருவிகளுக்கும் 1 மெகாபிட்டுக்குக் கீழேதான் கிடைத்தது. முறையில் நீதி இருந்தது, நேரத்தில் இல்லை. இன்று சில ரவுட்டர்கள் நேரத்தையே பங்கிட முயல்கின்றன, எல்லாம் அப்படியில்லை. மாணவரின் அம்மா கூடத்தில் தன் போனும் சில நேரம் திணறுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் பிரிக்காமல் கிடந்த ஆன்டெனாவுக்கும் அதில் பங்கு இருந்திருக்கலாம் என்று எண்ணுகிறேன்.

மதர்போர்டு செய்கிறவர்கள் அந்த இரண்டு ஆன்டெனாவை அட்டைக்கு அடியில் போடாமல், பெட்டியைத் திறந்ததும் கண்ணில் படும்படி வைக்கலாம். பூட்டிக் கொடுக்கும் கடைகள், கடையிலேயே ஒரு முறை வைஃபையைச் சோதித்து அந்த எண்ணை எழுதித் தரலாம். பெரிய செலவில்லாத காரியங்கள். செய்யாமல் விட்டால் வரும் செலவை ஒரு வீடு சுமக்கிறது.

ஆன்டெனாவைத் திருகியாயிற்று. சிக்னல் எழுந்தது, ஆனாலும் முழுமையில்லை. கேபினெட் இரும்புத் தகடு. ஆன்டெனா அதன் முதுகில். முதுகு சுவரைப் பார்த்தபடி. சுவருக்குள் கான்கிரீட், அதற்குள் கம்பி. அறையின் மறுபக்கம் கண்ணாடி பதித்த ஸ்டீல் பீரோ. ரவுட்டரோ, ஃபைபர் உள்ளே நுழையும் வாசல் பக்கமே பெரும்பாலும் மாட்டப்படுகிறது. வீட்டின் நடுவே அல்ல. கேபிள் வைத்த, அடியில் காந்தம் உள்ள ஆன்டெனா அடித்தளம் கடையில் கிடைக்கிறது. அதை மேசைமேல் வைத்தோம். கொஞ்சம் நகர்த்தினால் வேகம் ஏறியது, இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் இறங்கியது. மாணவர் விளையாட்டுப் போல நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸில் ஐந்தாறு சென்டிமீட்டர். நேரே வரும் அலையும் பீரோவில் பட்டுத் திரும்பும் அலையும் ஓரிடத்தில் சேர்ந்து வலுக்கும். நாலு விரற்கடை தள்ளி ஒன்றையொன்று அழிக்கும்.

இந்த எதிரொலிதான் வீட்டுக்குள் வேகமான கம்பியில்லா இணைப்பைப் பல காலம் தடுத்து நிறுத்திய சிக்கல். அதை அவிழ்த்தவர்களில் ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் ஓசல்லிவனின் குழு முக்கியமானது. 1970-களில் அவர், வெடிக்கும் குட்டிக் கருந்துளைகளிலிருந்து வரக்கூடிய ரேடியோ அலையைத் தேடியவர். அது கிடைக்கவில்லை. கலங்கிய சிக்னலிலிருந்து உண்மையான சிக்னலைப் பிரித்தெடுப்பதில் அப்போது கிடைத்த அறிவு, பிறகு அறைக்குள் சிதறும் அலைக்குப் பயன்பட்டது. அவர்கள் முறைக்கு 1996-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. விண்ணுக்காகக் கற்றது பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே உதவுகிறது என்பது எனக்கு எப்போதும் நிறைவு தரும் செய்தி.

பழுது உட்காரும் அடுத்த இடம் யு.எஸ்.பி. போர்டில் வைஃபை இல்லாதவர்கள் விரல்நுனி அளவு டாங்கிள் ஒன்றை வாங்கிப் பின்பக்க நீலத் துளையில் செருகிவிடுவார்கள். நீலம் வேகமானது என்று எல்லோருக்கும் தெரியும். பக்கத்துத் துளையில் வெளி ஹார்டு டிஸ்க் இருக்கும். டிஸ்க்கில் ஃபைல் ஏறத் தொடங்கியதும் நெட் படுத்துவிடும். 2012-இல் இன்டெல் நிறுவனமே ஓர் அறிக்கையில் இதை அளந்து வெளியிட்டது. யு.எஸ்.பி. 3.0 ஓடும்போது அதன் துளையும் கேபிளும் கசியவிடும் இரைச்சல், 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 20 டெசிபல் வரை ஏறலாம்; அதாவது நூறு மடங்கு. டாங்கிளும் குற்றமற்றது, டிஸ்க்கும் குற்றமற்றது. பக்கத்துப் பக்கத்தில் இருந்ததுதான் பழுது. ஒரு முழ நீள யு.எஸ்.பி. நீட்டிப்புக் கேபிளில் டாங்கிளைத் தள்ளி வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துபோகும்.

டிரைவர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விண்டோஸ் தானாகப் போட்டுக்கொண்ட டிரைவரை விட்டு, கார்டு செய்தவர்கள் தரும் டிரைவரைப் போட்டுப் பார்க்கலாம். மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கார்டை அணைக்கும் வசதி டிவைஸ் மேனேஜரில் இருக்கும். மேசைக் கம்ப்யூட்டருக்கு அது வேண்டாம், டிக்கை எடுத்துவிடுங்கள்.

காற்றைப் பற்றிச் சொல்லத்தான் நிறைய இருக்கிறது. அடுக்ககத்தில் வைஃபை பட்டியலைத் திறந்தால் அடுத்த வீடு, மாடி வீடு, எதிர் வீடு என்று பெயர்கள் நீண்டுகொண்டே போகும். 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியின் மொத்த அகலமே 83.5 மெகாஹெர்ட்ஸ். பதின்மூன்று சானல் இருந்தாலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நிற்பவை 1, 6, 11 என்ற மூன்றுதான். இதில் ஒரு வீட்டு ரவுட்டர் 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு மாறினால் பாதி இடத்தை ஒருவரே எடுத்துக்கொண்ட மாதிரி. அப்படி மாறும் வீட்டுக்கும் நெரிசலில் லாபம் குறைவு, சுற்றி உள்ளவர்களுக்கு நட்டம் நிச்சயம். 20-லேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்திய அரசு 2005-இல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறைந்த திறனுள்ள கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று திறந்துவிட்டது. 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸ் அதேபோல் திறந்தது. கூடவே ஒரு நிபந்தனை: இது பகிர்ந்துகொள்ளும் இடம், பிறருக்கு இடையூறு செய்யக்கூடாது, பிறரால் வரும் இடையூறிலிருந்து பாதுகாப்பும் கேட்க முடியாது. எந்த அதிகாரியிடமும் மனுக் கொடுக்க முடியாத ஒரு பொதுவெளியில் நாம் எல்லோரும் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். என் வேகத்தில் ஒரு பங்கு, பெயர்கூடத் தெரியாத மாடி வீட்டுக்காரரின் அடக்கத்தில் இருக்கிறது. அவர் வேகம் என் அடக்கத்தில்.

இத்தனை இடங்களில் பழுது இருக்க முடியும் என்றால் எங்கே கை வைப்பது? வழியை இரண்டாக வெட்ட வேண்டும். முதலில் அதே கட்டளைச் சாளரத்தில், கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டருக்கு மட்டும் ‘பிங்’ கட்டளை அடித்துப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அதன் முகவரி 192.168.1.1 அல்லது 192.168.0.1. ஒன்றிரண்டு மில்லிசெகண்டில் சீராகப் பதில் வந்தால் அறைக்குள் பழுதில்லை. நூறு, இருநூறு என்று துள்ளினால் இணைப்புக் கொடுத்தவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. பிறகு ஒரு லேன் கேபிளை இரவல் வாங்கியாவது ரவுட்டரில் நேராகச் செருகிப் பாருங்கள். பணம் கட்டிய வேகம் கேபிளில் வந்துவிட்டால் ஃபைபரும் கம்ப்யூட்டரும் விடுதலை; மிச்சம் காற்றும் ஆன்டெனாவும் வைஃபை டிரைவரும். இரண்டு அலைவரிசைக்கும் ரவுட்டரில் ஒரே பெயர் இருந்தால் தனித்தனிப் பெயர் வைத்து, கம்ப்யூட்டர் எதில் நிற்கிறது என்று பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஐந்தை ஒன்றாக மாற்றி வேகம் வந்துவிட்டால் மகிழ்ச்சிதான், ஆனால் எது சரிசெய்தது என்று தெரியாது. அடுத்த மாதம் மறுபடி அதே இடத்தில் நிற்போம். கஸ்டமர் கேரில் “மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்” என்பதும் இப்படித்தான் அடையாளத்தை அழிக்கிறது. சொல்பவரைக் குறை சொல்லமாட்டேன். அவர் முன்னால் இருக்கும் திரையில் என் பீரோ தெரியாது.

எல்லாம் பார்த்த பிறகும் நான் சொல்வது, முடிந்தால் கேபிள் போட்டுவிடுங்கள் என்பதுதான். மேசைக் கம்ப்யூட்டர் இடம் மாறாத பொருள். கையில் எடுத்துக்கொண்டு நடக்கும் போனுக்குக் காற்றை விட்டால் வேறு வழியில்லை, இதற்கு இருக்கிறது. கேட் 6 கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், எந்த வீட்டுக்கும் அது ஏராளம். கம்ப்யூட்டர் கம்பிக்குப் போய்விட்டால் காற்றில் அது பிடித்திருந்த நேரம் அம்மாவின் போனுக்கும் மாடி வீட்டுக்கும் கிடைக்கும். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க விடமாட்டார்கள். கதவு நிலையை ஒட்டிக் கிளிப் அடித்து, சுவரடி ஓரமாகக் கொண்டுபோகலாம். அதற்கும் வீட்டுக்காரர் சம்மதிக்காவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸ், மேசைமேல் ஆன்டெனா, அதுவும் ரவுட்டர் இருக்கும் வாசல் பக்கம் பார்த்து.