கயிறு பிடித்தவள்

1984 மே மாதம், பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு, எங்கள் ஊர் மாட்டாஸ்பத்திரி வாசலில் ஐந்து நாள் போய் நின்றேன். குத்தாலத்துக்குப் பக்கத்து ஊர். அப்போது அது தஞ்சாவூர் மாவட்டம். சம்பளம் வேண்டாம், கூட நின்று வேலை பழகினால் போதும் என்று டாக்டரிடம் சொன்னேன். “பொம்பளப் புள்ள. மாடு முட்டிச்சுன்னா உங்கப்பாவுக்கு நான்ல பதில் சொல்லணும்?” என்றார். வீட்டில் அப்பாயியோ, “சாணி அள்ளணும்னா நம்ம கொல்லையில அள்ளுடி” என்றாள்.

ஆறாம் நாள் உதவியாளர் வரவில்லை. இரும்புக் குழாய்ச் சட்டத்துக்குள் போக மாட்டேன் என்று ஒரு எருமை நான்கு காலையும் ஊன்றி நின்றது. டாக்டர் அதன் கயிற்றை என்னிடம் நீட்டினார். “பிடி பாப்பா. கையில சுத்திக்காதே. அது இழுத்தா விரல் போயிடும்.” எனக்கு வேலை கிடைத்த விதம் இதுதான்.

ஜூன் கடைசிவரை நான் செய்தது பெரும்பாலும் அந்த ஒரே வேலை. குதிரை பின்னால் உதைக்கும். மாடு காலைப் பக்கவாட்டில் வளைத்து வீசும். அதனால் தோள் பக்கம்தான் நிற்க வேண்டும். கயிற்றை இறுக்கினால் மாடு மிரளும், தளர்த்தினால் திரும்பிவிடும். கோமாரி வந்த மாட்டுக்குக் குளம்பிடுக்குப் புண்ணைக் கழுவும்போது அது நம்மைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதற்கு எந்தப் பாடப்புத்தகமும் என்னைத் தயார் செய்திருக்கவில்லை. அந்தக் கண்ணுக்குத் தெரிவது வலியும் கயிறும் நானும்தான்.

நான் கால்நடை மருத்துவம் படிக்கவில்லை. மார்க் போதவில்லை, தபால் ஆபீசில் வாழ்க்கை ஓடிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கும் சைவ சித்தாந்த வகுப்பில் சேர்ந்தேன். முதல் நாளே ஆசிரியர் கரும்பலகையில் மூன்று சொல் எழுதினார்: பதி, பசு, பாசம். இறைவன், உயிர், உயிரைக் கட்டிய தளை. உயிருக்குப் பசு என்றே பெயர். பாசம் என்றால் கயிறு. ஆணவம், கன்மம், மாயை என்று அந்தக் கயிற்றுக்கு மூன்று புரி. கூட இருந்தவர்கள் பயபக்தியோடு நோட்டில் எழுதிக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தக் கயிற்றின் மறுமுனையை நான் பிடித்திருக்கிறேன்.

சில மாதம் கழித்து மறக்கருணை பற்றிய பாடம் வந்தது. இறைவன் இன்பம் தந்து ஆட்கொள்வது அறக்கருணை. துன்பம் தந்து திருத்துவது மறக்கருணை. இரண்டும் அருள்தான். பிள்ளையை அடிக்கும் தகப்பனையும் கட்டியைக் கீறும் வைத்தியரையும் ஆசிரியர் உதாரணம் காட்டினார். எனக்கு உடனே ஒரு மாடு நினைவுக்கு வந்தது. கல்யாண வீட்டு மிச்சச் சோற்றை அண்டாவோடு தின்றுவிட்டு, வயிறு மத்தளமாக உப்பி, மூச்சுக்குத் தவித்தபடி வந்த பசு. டாக்டர் அதன் இடது விலாவுக்குப் பின்னே உள்ள குழியில் ஒரு கூர்க்குழாயைச் சட்டென்று குத்தி இறக்கினார். புளித்த நாற்றத்தோடு காற்று பீறிட்டது. அரைமணி நேரத்தில் பசு நிமிர்ந்து நின்றது. அதைக் கேட்டிருந்தால், ஒருத்தி கட்டிப் பிடித்துக்கொள்ள ஒருவன் குத்தினான் என்றுதான் சொல்லியிருக்கும்.

ஆகவே உதாரணம் பொருந்துகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். நம் துன்பத்தின் மறுபக்கம் நமக்குத் தெரியாது, தெரிந்தவன் ஒருவன் இருக்கிறான். ஆறுதலான கொள்கை. ஆனால் அதே ஜூன் மாதம் வந்த ஒரு கன்றுக்குட்டி அந்த ஆறுதலை ஒப்புக்கொள்ள விடவில்லை.

லாரி அடித்த கன்று. இடுப்பெலும்பு நொறுங்கி, பின்பாதி துணி மாதிரி தொங்கியது. தட்டுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தவர் ஒரு வயதான அம்மாள். புண்ணில் அதற்குள் புழு வைத்திருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, “ஆத்தா, இது இனி எந்திரிக்காது. ஒரு ஊசி போட்டா நோவாம போயிடும்” என்றார். கிழவி இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். “வேணாம் ஐயா. போன பிறவியில என்ன பண்ணுச்சோ, அது கன்மத்தை அதுவே தீத்துக்கட்டும். நாம குறுக்க பூந்தா மிச்சத்தைத் தீக்க இன்னொரு தடவ பொறக்கணும்.”

“அப்படின்னா போன மாசம் கோமாரிக்கு மட்டும் ஏன் மாட்டை இங்க ஓட்டியாந்தீங்க? அதுவும் கன்மந்தானே?”

கிழவியிடம் பதில் இல்லை. ஆனால் கன்றையும் விட்டுக்கொடுக்கவில்லை. டாக்டர் வற்புறுத்தவும் இல்லை. புழுவை எடுத்து, மருந்து வைத்து, கட்டுப்போட்டு அனுப்பினோம். நான் இரண்டு வேளையும் அவர் வீட்டுக்குப் போய்ப் பஞ்சில் நனைத்துத் தண்ணீர் கொடுத்தேன். கிழவி அதற்கு விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கல் நெஞ்சுக்காரி என்று அவரை நான் சொல்ல மாட்டேன். மூன்றாம் நாள் சாயங்காலம் கன்று செத்தது.

பல வருடம் கழித்து நூலகத்தில் காந்தியின் எழுத்துகளைப் புரட்டும்போது இன்னொரு கன்று எதிர்ப்பட்டது. 1928. சபர்மதி ஆசிரமத்தில் பிழைக்க வழியில்லாமல் வேதனையில் கிடந்த கன்றை ஊசி போட்டுக் கொல்லச் சொன்னார் காந்தி. ஆசிரமத்திலேயே சிலர் ஒப்பவில்லை. அவர் அதை மறைக்காமல் ‘நவஜீவ’னிலும் ‘யங் இந்தியா’விலும் எழுத, கோபக் கடிதங்கள் வந்து குவிந்தன. முடமான, கிழடான பிராணிகளைச் சாகும்வரை வைத்துக் காப்பாற்றும் பாஞ்சராப்போல்களை ஊருக்கு ஊர் நடத்தும் சமணர்கள் வாழும் குஜராத்தில் அது சின்ன விஷயமல்ல. கொல்வதெல்லாம் இம்சை அல்ல, வேதனையை நீட்டிப்பதும் இம்சையாகலாம் என்பது அவர் வாதம். கேட்கக்கூட முடியாத ஓர் உயிருக்காக நாம் முடிவு செய்யலாமா என்பது எதிர்வாதம். இரண்டுமே கனமானவை. இன்று கேட்டால், நான் காந்தி பக்கம். ஆனால் அந்தக் கிழவியை எதிரே வைத்துக்கொண்டு உரக்கச் சொல்ல எனக்கு வாய் வராது.

வகுப்பில் அந்தக் கிழவியின் கன்றுக் கதையைச் சொல்லிக் கேட்டேன். ஆசிரியர் பொறுமையானவர். “டாக்டர் வந்து சேர்ந்ததும் அந்தக் கன்றின் வினைப்பயன்தான் அம்மா” என்றார். சரி. ஊசி போட்டிருந்தால் அதுவும் வினைப்பயன், போடாததும் வினைப்பயன் என்றால், கயிறு பிடித்து நிற்கும் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு என்ன செய்வது என்று அது சொல்லவில்லையே? நடந்து முடிந்ததற்குக் கன்மம் காரணம் காட்டும். அடுத்து என் கை எந்தப் பக்கம் போக வேண்டும் என்று காட்டாது. இதைச் சொன்னதும் பக்கத்து இருக்கைக்காரர் என்னை நாத்திகக் கட்சி என்றே முடிவு கட்டிவிட்டார். பிரசாதச் சுண்டலை மட்டும் மறுக்காமல் கொடுத்தார்.

வைத்தியர் உதாரணத்தில் எனக்கு இருக்கும் மனக்குறை வேறு. எங்கள் டாக்டர் உதை எட்டும் தூரத்தில் நின்றார். இரண்டு தடவை வாங்கியும் இருக்கிறார். ஒரு தடவை முழங்கால் வீங்கி ஒரு வாரம் நொண்டினார். மரத்துப்போக மருந்து இருக்கும்போது அது இல்லாமல் அவர் கத்தி எடுத்ததில்லை. எல்லாம் வல்லவன் என்கிறோம்; அவனிடம் அந்த மருந்து இல்லையா?

இதற்குச் சாஸ்திரம் சொன்ன பதிலைவிட, எங்கள் பக்கத்துக் கதை ஒன்று சொல்லும் பதில்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. திருவாவடுதுறை எங்கள் ஊரிலிருந்து சைக்கிள் தூரம். கயிலாயத்திலிருந்து அகத்தியரைக் காணப் பொதிகைக்குப் போய்க்கொண்டிருந்த யோகி ஒருவர், அதற்குப் பக்கத்துச் சாத்தனூரில் மாடுமேய்க்கும் மூலன் செத்துக் கிடப்பதையும் மாடுகள் அவனைச் சுற்றி நின்று அழுவதையும் பார்க்கிறார். மாடுகளின் துயரம் தாளாமல், தன் உடலை ஓரிடத்தில் மறைத்துவிட்டு மூலனின் உடலுக்குள் புகுந்து எழுகிறார். மாடுகள் அவரை மோந்து, நக்கி, துள்ளி, பொழுது சாயும் வேளையில் வீடு திரும்புகின்றன. அவர் வந்து தேடினால் தன் உடலைக் காணோம். பொதிகைப் பயணம் அதோடு போயிற்று. அங்கேயே உட்கார்ந்து மூவாயிரம் பாட்டுப் பாடினார் என்கிறது பெரியபுராணம், அதுதான் திருமந்திரம்.

கன்மத்தைத் தீர்த்துக்கொள்ளட்டும் என்று அந்த யோகி மாடுகளைத் தாண்டிப் போயிருக்கலாம். போகவில்லை. இதெல்லாம் உங்கள் நன்மைக்கே என்று அவற்றிடம் சொல்லவும் இல்லை. அவற்றுக்குத் தெரிந்த முகத்தோடு, அவற்றுக்குத் தெரிந்த வாசனையோடு வந்தார். அதற்கு விலையும் கொடுத்தார். கருணை என்றால் இதைத்தான் நான் ஏற்றுக்கொள்வேன். பதியைப் பற்றி என்னால் இவ்வளவுதான் நம்ப முடிகிறது.

போன மாதம் என் அண்ணன் பேத்தி வந்திருந்தாள். பத்தாவது முடித்திருக்கிறாள். “லீவுல மாட்டாஸ்பத்திரிக்குப் போகட்டுமா பாட்டி? சர்ட்டிபிகேட் தருவாங்களா?” என்று கேட்டாள். தருவார்களா இல்லையா, அதை நீயே போய்க் கேள் என்றேன். முதலில் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னேன். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதே என்றும் சொன்னேன். மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் கிளம்பிப் போய்விட்டாள்.