தராசு யார் கையில்?

கூலி என்பது தயவா, கடனா? கடன்தான் என்று எல்லோரும் உடனே சொல்லிவிடுவோம். ஆனால் நம் நடைமுறை அதை ஒப்புக்கொள்கிறதா என்பதைத்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வேப்பந்தட்டை வட்டாரத்துக் கரிசல் மண்ணில் பருத்தி விளைகிறது. அதற்கென ஓர் ஆராய்ச்சி நிலையமே இவ்வூரில் உண்டு. வெடித்த பருத்தியைப் பெண்கள் வெயிலில் நின்று எடுப்பார்கள். எடுத்ததை நிறுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசுவதும் உண்டு. தராசைப் பிடிப்பவர் நிலத்துக்காரர். அந்தப் பருத்தி பஞ்சாகி ஆலைக்குள் போனால், அங்கே தராசின் இடத்தில் கடிகாரம் இருக்கும். ஆலைத் தொழிலாளி விற்பது தன் நேரத்தை. அதை அளக்கும் கடிகாரமும் முதலாளியின் கையில்தான்.

ஆலைகள் பெருகிய காலத்தில் அந்த அளவை எப்படி நடந்தது? பருத்தி ஆலைகளில் ஒன்பது வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைக்கலாகாது என்று இங்கிலாந்தில் 1819லேயே சட்டம் செய்தார்கள். ஆனால் போய்ப் பார்ப்பதற்கு ஆள் இல்லாததால் அது பெரும்பாலும் ஏட்டோடு நின்றது. 1833இல் வேறு சட்டம் செய்து நான்கு இன்ஸ்பெக்டர்களை நியமித்த பிறகுதான் முதலாளிமார் சற்றே அஞ்சினார்கள். நம் நாட்டின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் வந்தது. ஏழு வயது நிரம்பாத பிள்ளைகளை மட்டும் அது விலக்கியது. ஏழு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் வேலை வாங்க அது இடங்கொடுத்தது!

சென்னையில் பின்னி கம்பெனியின் பக்கிங்காம், கர்னாடிக் ஆலைத் தொழிலாளர்களின் குறைகளுள் ஒன்று பகலுணவு வேளை பற்றியது. கிடைத்த அரை மணி நேரம் கை கழுவி, உண்டு, திரும்புவதற்குப் போதவில்லை என்று முறையிட்டார்கள். செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் அந்தக் குறைகளை பி.பி. வாடியாவிடம் கொண்டு சென்றார்கள். 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. திரு.வி.க.வும் அதில் முன்னின்று உழைத்தார். 1920இல் கம்பெனி வழக்குத் தொடுத்து, சங்கத் தலைவர்கள் மீது உயர்நீதிமன்றத்தில் தடையுத்தரவு பெற்றது. சங்கம் வைப்பதற்குச் சட்டப் பாதுகாப்பு தேவை என்ற குரல் அதன்பின் வலுத்தது. 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. 1922இல் வாரத்துக்கு 60 மணி என்றிருந்த வேலை நேர வரம்பு, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் 48 மணியாக இருந்தது.

இவையெல்லாம் ஆலைக்குள் நடந்த சீர்திருத்தங்கள். நம் வயலிலும் கடையிலும் அடுப்படியிலும் வேலை செய்பவருக்காக எந்த இன்ஸ்பெக்டர் வருவார்? எவரும் வராத இடத்தில்தான் மனிதனின் ஈமான் சோதிக்கப்படுகிறது. உழைத்தவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவினார்கள். முழு வேலையையும் வாங்கிக்கொண்டு கூலி கொடாதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்றும் எச்சரித்தார்கள். அளவையில் மோசம் செய்வோருக்குத் திருக்குர்ஆனில் ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது. தமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்கு அளக்கும்போது குறைப்பவர்களை அது கண்டிக்கிறது. இது அரிசிக்கும் பருத்திக்கும் மட்டுமா? மாலை ஐந்து மணிக்குப் பிறகு, "இதையும் முடித்துவிட்டுப் போ" என்று வாங்கும் அரை மணியும் அளவைதானே!

"வேலையாட்களும் ஏமாற்றத்தானே செய்கிறார்கள்?" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். வாங்கும் கூலிக்கு ஒழுங்காக உழைப்பது அவர்கள் மீதும் கடமை. ஆனால் அவன் சோம்பினால் நாளை அவனை நிறுத்திவிட நம்மால் முடியும். நாம் கூலியை இழுத்தடித்தால், அடுப்பெரியாத வீட்டுக்குப் போய் அவன் என்ன செய்வான்? தராசு பிடிப்பவனுக்குப் பொறுப்பு அதிகம்.

இப்பக்கத்துப் பல குடும்பங்களின் பிள்ளைகள் அரபு நாடுகளில் உழைக்கிறார்கள். இரண்டு மாதச் சம்பளம் நின்றுபோனதாகக் கடல் கடந்து செய்தி வந்தால் வீடே துடிக்கிறது. அங்கிருக்கும் முதலாளியை அநியாயக்காரன் என்கிறோம். அதே வீட்டில் பாத்திரம் கழுவும் அம்மாளிடம், "பணம் வரட்டும், அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சொல்ல நா கூசவில்லையே! அங்கே அநியாயமாக இருப்பது இங்கே எப்படிச் சாதாரணமாகும்?

இன்னொன்றும் உண்டு. கூலியில் நூறு ரூபாயைப் பிடித்துக்கொண்டு, ரமலானில் அதே ஏழைக்கு இருநூறு ரூபாய் ஸதக்கா கொடுத்து மனம் நிறைகிறவர்கள் இருக்கிறார்கள். ஸதக்கா நம் பொருளிலிருந்து கொடுப்பது. பிடித்துக்கொண்ட கூலி நம் பொருளே அல்ல. அது அவனுடைய ஹக்கு. பிறர் பொருளைத் தருமம் என்ற பெயரில் திருப்பிக் கொடுத்துவிட்டு நன்மையை எதிர்பார்க்கலாமா?

ஆகவே வேலைக்கு ஆள் வைக்குமுன் கூலியையும் நேரத்தையும் தெளிவாகப் பேசிக்கொள்வோம். உண்ணவும் இளைப்பாறவும் அவகாசம் தருவோம். வேலை முடிந்ததும், அவர்கள் கேட்குமுன்னரே எண்ணிக் கொடுப்போம். தயவு காட்டுவது அதற்குப் பிறகுதான்.

வல்ல அல்லாஹ் நம் தராசுகளை நேராக்கி வைப்பானாக! ஆமீன்.