நூற்றெட்டில் நான்கு



தசலட்சண பருவத்தின் பத்தாம் நாள் உத்தம பிரமசரியத்திற்கு உரியது. அந்நாளில் ஜினாலயங்களில் நிகழும் அறவுரைகளில் பிறன்மனை நயத்தலின் தீமை தவறாது எடுத்துரைக்கப்படும். கேட்போர் அனைவரும் தலையசைப்பர். இது நம்மைப் பற்றிய பேச்சன்று என்னும் நிம்மதியும் அத்தலையசைப்பில் கலந்திருக்கும். அச்செயலைச் செய்யாதார் பலர் என்பது உண்மையே. ஆயினும் அச்செயலைக் குறித்து நம் உள்ளம் கொண்டுள்ள நோக்கு யாது? அந்நோக்கு எவ்வியல்பினின்று பிறக்கிறது? இவற்றை நாம் ஆராய்வதில்லை.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில் உமாசுவாமி ஆசாரியர் வினை வந்து சேர்வதற்கு உயிர் இடமாகும் வகைகளைக் கணக்கிடுகிறார். செய்யக் கருதுதல், அதற்கு வேண்டியவற்றைத் தேடுதல், செயலில் இறங்குதல் என மூன்று. இவையே சம்ரம்பம், சமாரம்பம், ஆரம்பம் எனப்படும். மனம், மொழி, மெய் என மூன்று. தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வாரை உடன்படுதல் என மூன்று. குரோதம், மானம், மாயை, லோபம் என்னும் கஷாயங்கள் நான்கு. இவற்றைப் பெருக்கினால் 108. செபமாலையின் மணிகள் 108 ஆனதற்கு நம் பெரியோர் இதனையே காரணமாகக் கூறுவர்.

இக்கணக்கை இல்லற ஒழுக்கத்தோடு பொருத்திப் பார்ப்போம். தானே, உடலால், செயலில் இறங்கும் நிலை 108இல் நான்கே. உலகம் குற்றம் என்று விரல் நீட்டுவது பெரும்பாலும் இந்நான்கை நோக்கியே. எஞ்சிய 104 நம்முள்ளும் நம்மைச் சுற்றியும் பெயரின்றி உலவுகின்றன.

நண்பன் ஒருவன் இல்லாளிடம் பொய் கூறி வெளியூர் செல்கிறான். 'என்னோடுதான் இருந்தான்' என்று நாம் சான்று பகர்கிறோம். திருமணப் பந்தியில் ஒருவனது ஒழுக்கக்கேடு வேடிக்கைப் பேச்சாகிறது. நாமும் சிரிக்கின்றோம். அதே செய்தி ஒரு பெண்ணைப் பற்றியதாயின் சிரிப்பு நின்று சுடுசொல் பிறக்கிறது. ஒரே குற்றத்திற்கு இரண்டு தராசு வைத்திருப்பவர் அறத்தைப் பேசவில்லை, தம் வசதியைப் பேசுகின்றனர் என்பதே நம் கருத்து. இரத்தின கரண்டகத்தில் சமந்தபத்திர ஆசாரியர் இவ்வணுவிரதத்திற்கு இலக்கணம் கூறுமிடத்துத் தான் செல்லாமையோடு பிறரைச் செலுத்தாமையையும் சேர்த்தே வைத்தார். அதற்குக் காரணமாகக் கூறியதும் பாவத்திற்கு அஞ்சுதலையே; ஊரார் பழிக்கு அஞ்சுதலை அன்று.

எல்லா உள்ளமும் ஒரே வழியில் இதற்கு உடன்படுவதில்லை. குணத்திற்கேற்பச் சாக்கும் மாறும். சினமுடையானுக்கு அது பழிதீர்த்தல். 'அவள் என்னை மதிக்கவில்லை' என்பான். செருக்குடையான் 'என் தகுதிக்கு இது உரியதே' என்பான். லோபிக்கு உள்ளது போதாது. மாயை மிக்கவனோ சாக்குத் தேடுவதே இல்லை. மறைத்தலே அவனுக்குச் சுவை. இவ்வியல்புகளின் வன்மையையும் ஆகமம் அளந்து காட்டுகிறது. சினம் கல்லில் கீறிய கோடாகவும், மண்ணில் கீறிய கோடாகவும், மணலில் கீறிய கோடாகவும், நீரில் கீறிய கோடாகவும் நால்வகைப்படும். அவற்றுள் அப்பிரத்தியாக்கியானம் என்னும் இரண்டாம் வகை மேலோங்கி நிற்கும்வரை அணுவிரதமும் கைகூடாது.

மேலைநாட்டு உளவியலாரும் இப்பொருளை ஆராய்ந்துள்ளனர். குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பை ஜான் பௌல்பி விளக்கினார். 1987இல் ஹேசன், ஷேவர் என்னும் இருவர் அதனை ஆண், பெண் அன்பிற்கும் விரித்தனர். துணையை நம்பி அமைதியுறுவோர், நெருக்கத்திற்கு அஞ்சி விலகுவோர், கைவிடப்படுவோமோ என்று நடுங்கிப் பற்றுவோர் என மூவகை மாந்தரைக் காட்டினர். விலகி நிற்கும் இயல்பினர் துணைக்கு இரண்டகம் செய்தலைப் பெருங்குற்றமாகக் கருதாத போக்குடையர் என்று பின்னாளைய ஆய்வுகள் சில கண்டன. 'பற்றை விடுக' என்னும் நம் அறத்தைக் கேட்டுக் குடும்பத்தினின்று மனத்தை ஒதுக்கிக்கொள்வோர் இதனைக் கருத வேண்டும். இல்லறத்தானுக்கு விதிக்கப்பட்டது சுவதார சந்தோஷம்; தன் துணையோடு நிறைவுறுதல். துணையிடம் உள்ளம் ஒட்டாமை வைராக்கியம் ஆகாது. அரதி என்னும் நோகஷாயமும் மோகனீயத்தின் கிளையே. அதே மனம் வேறோரிடத்தில் ரதியாய்ப் பற்றிக்கொள்ளும்.

யசோதர காவியத்தை நினைவு கூர்வோம். உஞ்சயினி அரசி அமிர்தமதி, நள்ளிரவில் யானைப்பாகன் அட்டபங்கன் பாடிய இசையைக் கேட்டாள். முகம் காணும் முன்னரே செவி வழியாக ராகம் புகுந்தது. தோழி குணவதி சென்று பார்த்து அவனது அருவருக்கத்தக்க உருவத்தைச் சொல்லியும் அரசி கேட்டிலள். பின்னர் அத்தோழியே தூதும் ஆனாள். உடல் தீண்டாத அவளும் 108இல் அகப்பட்டாள் அல்லவா?

நம் உள்ளம் அதிகம் தங்குவது யசோதரனிடம்தான். அவன் பிழையாதவன். அரசியைப் பின்தொடர்ந்து நேரே கண்டு வாளை ஓங்கினான். பின் அறிவு தெளிந்து அதனை உறையில் இட்டான். இவ்வளவும் பாராட்டிற்குரியதே. ஆனால் மறுநாள் தாய் சந்திரமதியிடம் அதனைத் தீக்கனவு என மாற்றி உரைத்தான். கனவின் தீங்கு நீங்க உயிர்ப்பலி இடுக என்றாள் தாய். அதற்கு இசையாதவன் மாவினால் செய்த கோழியைப் பலியிட இசைந்தான். உயிர் என்னும் எண்ணத்தோடு வெட்டியமையால் அதுவும் கொலை வினையாயிற்று. அரசி நஞ்சிட்டு இருவரையும் கொன்றாள். மகன் மயிலாகவும் தாய் நாயாகவும் பிறந்தனர். பழம்பிறப்பு உணர்ந்த அம்மயில், அரசியோடு இருந்த அட்டபங்கனின் கண்ணைக் குத்தியது. வாள் உறையில் இருந்தது. சினம் மட்டும் பிறவி கடந்து அலகில் வந்து நின்றது. அரசி தாக்க வீழ்ந்த மயிலைக் கவ்விக் கொன்றது தாயாகிய அந்நாயே.

துணையின் பிழையால் நொந்தவர் நம்மிடையேயும் உளர். அவர்க்குப் 'பொறுத்துக்கொள்' என்று மட்டும் சொல்லி எழுந்து வருவது எளிது. பொறுத்தல் வேறு, புதைத்தல் வேறு. ஆலோசனை என்னும் வாய்விட்டு உரைத்தலைக் குரவர் திருமுன் முதற்கண் வைத்த சமயம் நம்முடையது. பிழை செய்தவர்க்கே உரியதன்று அது. உள்ளத்தில் பகை மூண்டதை உணர்ந்தவர்க்கும் உரியது. கேட்பதற்குத் தகுந்த, வெளியில் தூற்றாத முதியோர் ஒருவரேனும் ஒவ்வோர் ஊரிலும் இருத்தல் வேண்டும்.

யசோதரனுக்கு அத்தகையோர் வாய்க்கவில்லை. விலங்குப் பிறவிகள் பல கடந்து, தாயும் மகனும் அபயமதி, அபயருசி என்னும் உடன்பிறந்தாராய்த் தோன்றினர். மாரிதத்தன் தம்மைப் பலியிடக் கொணர்ந்த களத்தில் நின்று அபயருசி தம் வரலாறு அனைத்தையும் உரைத்தான். அன்று தாயிடம் கனவென்று மறைத்த செய்தி அப்பொழுதுதான் முழுமையாக வாயினின்று வெளிவந்தது.