வெதுவெதுப்பான கடலில்

சிங்கப்பூர் நீரிணையில் கடல்நீர் ஆண்டு முழுக்க ஏறக்குறைய 27 டிகிரிக்கும் 31 டிகிரிக்கும் நடுவிலேயே இருக்கும். இரவுக் காற்றின் சூடும் அதை ஒட்டித்தான். மரீனா சவுத் துறையிலிருந்து நங்கூரத்தில் கிடக்கும் கப்பல்களுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் லாஞ்ச் எங்களுடையது. அதன் கூரைமேல் ஒரு தெர்மல் கேமரா இருக்கிறது. சூட்டு வித்தியாசத்தை வைத்தே உலகத்தைப் பார்க்கிற கருவி அது. வந்து சேர்ந்திருப்பதோ வித்தியாசம் மிகக் குறைந்த கடலில். இரவுப் பணியில் அதோடு இருக்கும்போது தோன்றுவதை எழுதி வைக்கிறேன்.

*

1800ஆம் ஆண்டு வில்லியம் ஹெர்ஷல் வெயிலை முப்பட்டகத்தில் பிரித்து, ஒவ்வொரு நிறத்தின் சூட்டையும் வெப்பமானி வைத்து அளந்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில்தான் பாதரசம் அதிகம் ஏறியது. அகச்சிவப்பு நமக்குத் தெரியவந்தது அப்படித்தான். வெறுமை என்று நினைத்த இடத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தாரே, அந்தப் பொறுமையை நினைத்து நினைத்து வியக்கிறேன்.

நம் உடம்பு, கடல், கப்பலின் இரும்பு எல்லாமே இரவும் பகலும் அந்த ஒளியை வீசிக்கொண்டே இருக்கின்றன. நம்முடைய சூட்டில் அதன் உச்சம் 10 மைக்ரான் அலைநீளத்துக்குப் பக்கத்தில் அமைகிறது. கேமராவுக்குள் இருக்கும் சில்லில் 640க்கு 512 என்ற வரிசையில் மிகச் சிறிய தகடுகள். ஒவ்வொன்றும் 12 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் சிறு பங்கு. வனேடியம் ஆக்சைடு பூசிய அந்தத் தகடுகள் வெற்றிடத்தில், மெல்லிய கால்கள்மேல் நிற்கின்றன. மேலே விழும் வெப்பத்தில் அவற்றின் மின்தடை இம்மியளவு மாறும். அந்த மாற்றம்தான் திரையில் வெளுப்பாகவும் கறுப்பாகவும் வருகிறது. ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்கு வேறுபாடு இருந்தாலே போதும், இரண்டு பொருளைப் பிரித்துக் காட்டிவிடும்.

*

சில நிமிடங்களுக்கு ஒருமுறை கூரையிலிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். திரையில் படம் அரை நொடி உறைந்து நிற்கும். புதிதாக வரும் பையன்கள் கேமரா கெட்டுவிட்டது என்று பதறுவார்கள்.

உள்ளே நடப்பது இதுதான். லென்சின் குழல், உறை, சட்டம் என்று கேமராவின் சொந்த உடம்பே சூட்டை வீசுகிறது. தகடுகளின்மேல் விழுவதில் பெரும்பங்கு அந்தச் சொந்தச் சூடுதான். கடலிலிருந்து வருவது கொஞ்சம். உடம்பு சூடாகவோ ஆறவோ செய்தால் படத்தில் கறை படர்கிறது. அதனால் கேமரா சற்று நேரம் கண்ணை மூடி, ஒரே சீரான சூட்டில் இருக்கும் மூடியைப் பார்த்துக்கொள்கிறது. சீராகத் தெரிய வேண்டிய அந்த மூடி எந்தத் தகட்டில் எவ்வளவு கோணலாகத் தெரிகிறதோ, அது அந்தத் தகட்டின் பிழை. அதைக் கழித்துவிட்டு மறுபடி திறக்கிறது.

துறையை விட்டுப் புறப்படுவதற்கு முன்பே கேமராவைப் போட்டுவிட வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான். உடம்பு ஒரு நிலைக்கு வரும்வரை அது அடிக்கடி கண் மூடும். குறுக்கே படகுகள் ஓடும் இடத்தில் அந்த அரை நொடி நமக்கு வேண்டாம்.

*

மாலையில் மிதவைகள் பளீரென்று வெள்ளையாகத் தெரியும், பகல் முழுக்க வெயில் குடித்த இரும்பு அல்லவா. விடியற்காலையில் அதே மிதவை கறுப்பு. இரும்பு ஆறிவிட்டது, கடல் ஆறவில்லை. வெள்ளை கறுப்பாக மாறும் வழியில் ஒரு பொழுது வருகிறது. அப்போது மிதவையும் கடலும் ஒரே சூட்டில் இருக்கும். திரையில் மிதவை இல்லை. கண்ணெதிரே விளக்கு மினுக்கிக்கொண்டு நிற்கும், கேமராவுக்கு மட்டும் இல்லை. காலையில் வெயில் ஏறும்போது எதிர்த்திசையில் இன்னொரு தடவை இதே மறைவு.

மிதவைக்கு விளக்கு இருக்கிறது, ராடாரும் அதைக் காட்டிவிடும். என் பயம் மரக்கட்டைகளைப் பற்றியது. பெருமழைக்குப் பிறகு ஆறுகள் அடித்துக்கொண்டு வரும் கட்டை, பாதிக்குமேல் முங்கி ஊறிக் கிடக்கும். அது கடலின் சூட்டையே தன் சூடாக்கிக்கொண்டிருக்கும். அதை எந்தக் கருவியும் எனக்கு உறுதியாகக் காட்டித் தரப்போவதில்லை. அந்த நாட்களில் வேகத்தைக் குறைப்பதுதான் வழி.

*

கேமரா பார்ப்பது கடலின் தோலை மட்டுமே. இந்த அலைநீளத்தில் தண்ணீருக்குள்ளிருந்து எதுவும் வெளியே வராது. மேல்பரப்பில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஓரிரு பங்கு ஆழம்தான் படத்துக்கு வருகிறது. அந்தத் தோல் ஆவியாகிக்கொண்டே இருப்பதால், அடியில் உள்ள தண்ணீரைவிட ஒரு டிகிரியில் பத்தில் சில பங்கு குளிர்ந்திருக்கும். படகு போன தடம் திரையில் சற்று நேரம் தெரிவது அதனால்தான்: புரொபெல்லர் தோலைக் கிழித்து அடித்தண்ணீரை மேலே கொண்டுவந்துவிடுகிறது. விளக்கில்லாமல் போன படகை நான் பார்த்ததில்லை, அது விட்டுப்போன தடத்தைப் பார்த்து வேகம் குறைத்திருக்கிறேன்.

*

நங்கூரத்தில் நிற்கும் டேங்கரின் பக்கவாட்டில் பொழுது சாய்ந்ததும் ஒரு கோடு தெரியும். கோட்டுக்கு மேலே இரும்பு சீக்கிரம் ஆறிவிட்டது. கீழே உள்ளே திரவம் இருப்பதால் இன்னும் ஆறவில்லை. பக்கவாட்டுத் தொட்டி எதுவரை நிரம்பியிருக்கிறது என்பதைக் கப்பல் தானே சொல்கிறது. ஆனால் கப்பலின் பெயரைப் பெரும்பாலும் படிக்க முடியாது. எழுத்தும் இரும்பும் ஒரே சூடு. சிவப்பு விளக்கா பச்சை விளக்கா என்பதும் தெரியாது. இதில் நிறம் என்று ஒன்று இல்லை. எதிரே வரும் கப்பல் எந்தப் பக்கத்தைக் காட்டுகிறது என்பதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் மோதல் தடுப்பு விதிகளில் ஐந்தாவது விதி, கண்ணையும் காதையும் முன்னால் வைத்து, கிடைக்கிற மற்ற வழிகளை அதற்குப் பின்னால் வைக்கிறது. அந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது.

புகைபோக்கியைப் படத்துக்குள் விடாதே என்பது நான் பையன்களுக்குச் சொல்லும் முதல் பாடம். சூடான ஒன்று உள்ளே வந்தால் கேமரா தன் வெளுப்பு கறுப்பு முழுவதையும் அதற்கே செலவழித்துவிடும். மிச்சமெல்லாம் ஒரே சாம்பல். பக்கத்திலேயே மரப்படகில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தாலும் அந்தச் சாம்பலுக்குள் போய்விடுவார்கள். கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்கி, வானத்தையும் குறைத்துக்கொண்டால், அவர்களும் அவர்களுடைய எஞ்சினும் மெல்ல எழுந்து வருவார்கள்.

*

2013 ஜூன் 21 அன்று சிங்கப்பூரில் காற்று மாசுக் குறியீடு 401 தொட்டது. சுமத்ராவின் காடும் கரிநிலமும் எரிந்த புகை. அந்தப் புகையின் துகள்களில் பெரும்பாலானவை 2.5 மைக்ரானுக்கும் சிறியவை. 10 மைக்ரான் அலை அவற்றைச் சட்டை செய்யாமல் கடந்து வரும். கண் கைவிடும் அந்தப் புகையில் கேமரா நன்றாகவே உதவும். மூடுபனியின் துளிகள் அலையின் அளவுக்கே இருப்பதால் அங்கே தடுமாறும். கொட்டும் மழையில் இரண்டும் சமம்தான், கண்ணும் கேமராவும். ஏப்ரலிலிருந்து நவம்பர்வரை விடிவதற்கு முன்னால் மேற்கிலிருந்து சுமத்ராச் சூறை அடிக்கும். அது வந்தால் நான் திரையைப் பார்ப்பதில்லை. ராடாரும் ஹாரனும்தான்.

*

கேமராவை ஏன் வெயிலிலும் உப்பிலும் வெளியே வைக்கிறோம், உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் என்ன என்று கேட்கிறார்கள். கண்ணாடி இந்த ஒளிக்குச் சுவர். கேமராவை ஜன்னல் வழியாகக் காட்டினால் நம் உருவமே மங்கலாகத் திரும்பி வரும். அதனால்தான் முன்முகத்தில் ஜெர்மானியம். 1886இல் கிளெமன்ஸ் விங்க்ளர் ஜெர்மனியின் ஃப்ரைபெர்கில் பிரித்தெடுத்த தனிமம். பார்த்தால் பளபளக்கும் உலோகத் துண்டு மாதிரி இருக்கும், நம் கண்ணுக்கு அதற்குள் ஒன்றும் தெரியாது. வெப்பத்துக்கோ திறந்த வாசல்.

அதன்மேல் மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறது. பராமரிப்பு முழுக்க அந்தப் பூச்சைக் காப்பதுதான். காய்ந்த உப்பைத் துணியால் துடைக்கவே கூடாது. ஒவ்வொரு உப்புக் கல்லும் கீறும். முதலில் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்ற வேண்டும். உப்பு கரைய நேரம் கொடுக்க வேண்டும். மறுபடி ஊற்ற வேண்டும். அதன் பிறகே நனைத்த சுத்தமான பருத்தித் துணி, அழுத்தாமல். எஞ்சின் புகையின் எண்ணெய்ப்படலம் போகாவிட்டால் தண்ணீரில் இரண்டு சொட்டு மென்மையான சோப்பு. தளத்தைக் கழுவும் பிரஷர் குழாய் கேமரா பக்கம் திரும்பவே கூடாது. தண்ணீர் ரப்பர் வளையத்தைத் தாண்டினால் உள்ளே வியர்க்கும், அதைத் துடைக்க நமக்கு வழியில்லை. வேலை முடிந்ததும் மின்சாரத்தை அணைப்பதற்கு முன்னால் முகத்தைக் கவிழ்த்து ஓய்வுநிலைக்குக் கொண்டுவர வேண்டும். அப்படிச் செய்யாமல் அணைத்தால் பகல் முழுக்க வெயிலையும் பறவை எச்சத்தையும் ஏந்திக்கொண்டு நிற்கும்.

இந்த வேலையை நான் யாரிடமும் விடுவதில்லை. விடியலில் கூரையேறி, வாளியை வைத்து, உப்பு கரையக் காத்திருக்கும் அந்தச் சில நிமிடங்கள் எனக்கு வேண்டியிருக்கின்றன.

*

தொண்டிப் பக்கத்துப் பையன் ஒருவன் புதிதாக வந்திருக்கிறான். கம்பியைப் பிடித்துவிட்டு நகர்ந்தான். பெயின்ட் அடித்த கம்பியில் அவன் ஐந்து விரலும் சில நொடி வெள்ளையாக நின்று மங்கின. திரையில் அதைக் காட்டினேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டான், “அண்ணே, தண்ணிக்குள்ள விழுந்துட்டா இதுல ஆளு தெரியுமாண்ணே?”

தலை மட்டும்தான் தெரியும், அதுவும் தேடினால்தான் என்றேன். குளிர்காலத்தில் வடகடலில் தண்ணீர் 5 டிகிரி வரை இறங்கும். அங்கே ஒரு முகம் திரையில் விளக்குபோல எரியும். ஆனால் விழுந்தவருக்குக் கைகால் விறைக்க அதிக நேரம் ஆகாது. இங்கே மணிக்கணக்கில் மிதந்து கிடக்கலாம், கடல் அவ்வளவு சீக்கிரம் உயிரை எடுக்காது. ஆனால் முகத்துக்கும் தண்ணீருக்கும் மூன்று நான்கு டிகிரிதான் வித்தியாசம், நடுவே ஈரக்காற்று வேறு அதில் ஒரு பங்கை விழுங்கிவிடும். எங்கே எளிதில் காணலாமோ அங்கே நேரம் இல்லை, எங்கே நேரம் இருக்கிறதோ அங்கே காண்பது கடினம். இந்தக் கணக்கை யோசிக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது. அந்த மூன்று டிகிரியைத் தவறவிடாமல் இருப்பதற்குத்தான் இத்தனை தண்ணீரும் துணியும் விடியற்காலையும்.

அவனுக்குச் சொல்லி வைத்தேன்: விழுந்தால் நீந்தி அலையாதே, உயிர்காப்பு அங்கியை நம்பி மித. படகுச் சத்தம் கேட்டால் அந்தப் பக்கமாக முகத்தைத் திருப்பி வை. நனைந்த தலைமுடி கடலின் சூட்டிலேயே இருக்கும், பின்னந்தலையைக் கேமரா தாண்டிப் போய்விடும். நாங்கள் தேடிக்கொண்டு வருவது உன் முகத்தை.