பத்துக்கு மூன்று

ஒருவனுடைய ரசனை அவன் எழுதும் விமர்சனத்தில் இருக்கிறதா, அவன் போடும் மதிப்பெண்ணில் இருக்கிறதா? இந்தக் கேள்வியை நான் தேடிப் போகவில்லை. 1990களின் நடுவில், திண்டுக்கல்லில் ஒரு பள்ளியின் ஆங்கில இலக்கிய மன்ற விழாவில் நடுவர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தபோது அதுவாக என்னிடம் வந்தது. வந்ததை அப்போதே அடையாளம் கண்டுகொண்டேன் என்றும் சொல்வதற்கில்லை.

விழா என்றால் கவிதை ஒப்பித்தல்தான். பிள்ளைகள் சொந்தமாக எழுதியும் வாசிக்கலாம் என்று அந்த வருஷம் புதிதாக அறிவித்திருந்தோம். மதிப்பெண் தாளில் இருந்த கட்டங்களை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. உச்சரிப்பு, ஏற்ற இறக்கம், பாவனை, மனப்பாடம். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் பாடநூல் கவிதையைக் கையை விரித்து, கண்ணை உருட்டி, கடைசி வரியில் குரலைத் தாழ்த்திச் சொல்லிக் கைதட்டல் வாங்கிப் போனான். அடுத்து வந்த பெண் தான் எழுதியதைப் படித்தாள். நிலக்கோட்டைப் பக்கத்தில் அவளுடைய அப்பத்தா, கண் மங்கிப் போனவள், விளக்கில்லாமல் மல்லிகை மொக்குகளை இரண்டிரண்டாக எடுத்துக் கட்டுகிறாள். விஷயம் அவ்வளவுதான். ஆங்கில வரிகளுக்கு நடுவே அப்பத்தா எண்ணும் எண்கள் மட்டும் தமிழிலேயே வந்தன. ரேஷன் கடையில் பெயர் வாசிக்கிற மாதிரி, தாளை விட்டுக் கண்ணை எடுக்காமல், ஒரே குரலில் படித்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

ஏற்ற இறக்கத்துக்குப் பத்துக்கு மூன்று போட்டேன். தமிழ் எண்களுக்காக உச்சரிப்பில் கொஞ்சம் குறைத்தேன். பார்த்துப் படித்ததால் மனப்பாடத்துக்குச் சைபர்.

அந்த மாதம்தான் கவியரங்கக் கவிதையைத் தாக்கி ஒரு கட்டுரை எழுதி முடித்திருந்தேன். குரல் ஜாலத்தை உரித்துவிட்டால் மேடைக் கவிதையில் என்ன மிஞ்சும் என்று அதில் கேட்டிருந்தேன். நம் வட்டத்தில் இது புதிய வாதமல்ல. 1959ல் ‘எழுத்து’ தொடங்கிய நாளிலிருந்து, கவிதை மௌன வாசிப்புக்கானது, ஓசை அதற்குப் புறம்பானது என்று பல விதங்களில் சொல்லி வந்திருக்கிறோம். எந்தக் குரலைக் கவிதைக்குரிய குரல் என்று அச்சில் வாதாடினேனோ, அந்தக் குரலில் ஒரு பெண் என் முன் நின்று படித்தாள். நான் மூன்று போட்டேன்.

கோழைத்தனம் என்று சொல்லிக் கடந்து போய்விடலாம். பிரச்னை அவ்வளவு எளிதல்ல என்று எனக்குப் படுகிறது. கட்டங்களின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. என் ரசனை வானத்திலிருந்து விழவில்லை. வீட்டில் புத்தகம் இருந்தது, படிக்க ஓய்வு இருந்தது, பேச நண்பர்கள் இருந்தார்கள். பேகம்பூரில் தோல் ஷாப்பில் வேலை செய்பவருடைய மகனை என் ரசனையைக் கொண்டு நான் அளந்தால், அவன் எதில் தோற்றான் என்பது அவனுக்குக் கடைசிவரை தெரியாது. உச்சரிப்பு என்றால் திருத்திக்கொள்ளலாம். மனப்பாடம் என்றால் விடிய விடிய உட்காரலாம். கட்டம் கவிதையை அறியாததுதான், ஆனால் ஆசிரியனின் விருப்பு வெறுப்பிலிருந்து பிள்ளையைக் காக்கிறது. அன்று நான் அந்தப் பெண்ணுக்கு அநீதி செய்தேன். நடுவனாக நேர்மையாகவும் நடந்துகொண்டேன். இந்த இரண்டையும் சேர்த்து எப்படிச் சொல்வது என்று இன்னும் பிடிபடவில்லை.

இதற்கெல்லாம் பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும் என்று கல்வித்துறை நண்பர்கள் சொல்வார்கள். நம் ராஜ்யத்தில் ஆங்கில ஆசிரியர் பயிற்சிக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில், பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு, ஆரம்ப வகுப்புகளில் ஆங்கிலம் சொல்லித்தரும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தர ஒரு திட்டம் போட்டார்கள். சிலருக்குக் கற்பிப்பது, அவர்கள் பலருக்கு, அந்தப் பலர் இன்னும் பலருக்கு. அதற்கு ‘மதராஸ் பனிப்பந்து’ என்று பெயர் வந்தது. (சிறுமலைக்கு மேல் போனால்கூட உருட்டிப் பார்க்கப் பனி கிடைக்காத ஊர்க்காரர்கள் நாம்.) வாக்கிய அமைப்புகளை வரிசைப்படுத்தி, வாய்ப் பயிற்சியாகச் சொல்லித் தருவது அதன் முறை. என் ஆசிரியர்களில் ஒருவர் அந்தப் பயிற்சிக்குப் போய் வந்தவர். புத்தகத்தை மேஜை மேல் வைப்பார், எடுப்பார், மறுபடி வைப்பார், நாங்கள் கூவுவோம். எனக்கு ஆங்கிலம் வந்தது அப்படித்தான், குறை சொல்ல மாட்டேன். வாக்கிய அமைப்பைக் கைமாற்றலாம். ஒரு கவிதையின் முன் சற்று நிற்பதை, அப்படி நின்றிராதவர் எப்படிக் கைமாற்றுவார்?

பிறகு என். எஸ். பிரபு வந்தார். 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில், இலக்கணத்தை வரிசைப்படுத்தாமல், பிள்ளைகள் யோசித்துத் தீர்க்கும் காரியங்களின் வழியே ஆங்கிலம் கற்பித்துப் பார்த்தவர். சிறந்த போதனை முறை என்று ஒன்று ஏன் இல்லை என 1990ல் ஒரு கட்டுரை எழுதினார். ஆசிரியருக்குத் தான் செய்வது இப்படித்தான் பலிக்கும் என்று உள்ளூர ஒரு நம்பகம் இருக்க வேண்டும், மோசமான முறையைவிட யந்திரத்தனமே கற்பித்தலுக்குப் பெரிய எதிரி என்பது அவர் வாதம். மதிப்பெண் தாளை நினைத்துக்கொண்டுதான் அதைப் படித்தேன். எனக்கு நம்பகம் இருந்தது. அதை வீட்டில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போயிருந்தேன்.

சில வருஷம் கழித்து ஒரு பயிற்சி முகாம். வந்திருந்த ஆங்கில ஆசிரியர்கள் நாற்பது பேர் இருப்போம். பயிற்சியாளர் ஒரு காரியம் செய்தார்: பாடநூலில் இல்லாத கவிதை ஒன்றை, எந்த மொழியிலானாலும், பார்க்காமல் சொல்லுங்கள் என்றார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் ஓய்வுபெறும் வயதில் இருந்த ஒரு டீச்சர் எழுந்து, தான் எஸ்.எஸ்.எல்.சி.யில் நெட்டுருப் போட்ட ஆங்கிலப் பாட்டு ஒன்றைச் சொன்னார். உச்சரிப்பு நம்மூர் உச்சரிப்பு. ராகம்கூடப் போட்டார். முடிக்கும்போது அவருக்குக் குரல் கம்மியது. புதுக்கவிதை பற்றி அத்தனை பக்கம் எழுதிய எனக்கு ஒரு புதுக்கவிதையும் வாயில் வரவில்லை. கண்ணால் மட்டும் படித்து வைத்திருந்தால் கையில் புத்தகம் வேண்டியிருக்கிறது. நம் கொள்கை முழுவதும் சரிதானா என்ற சந்தேகம் எனக்கு அன்றுதான் முதலில் தட்டியது. சி. சு. செல்லப்பா நமக்குப் பக்கத்து ஊர். செம்பட்டி வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினால் வத்தலக்குண்டு. அவர் தாம் போட்ட புத்தகங்களைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போனார். வகுப்பறையைக் கவிதைக்கு ஆகாத இடம் என்று அவர் ஒதுக்கவில்லை. நாம்தான் ஒதுக்கினோம், ஆங்கிலம் போதித்துச் சம்பளம் வாங்கிக்கொண்டே.

யுனெஸ்கோ 1999ல் மார்ச் 21ஐ உலகக் கவிதை தினம் என்று அறிவித்தது. நம் பள்ளிகளில் அது பரீட்சைக் காலம். 2022லிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. நல்ல காரியம், ஆனால் அதுவும் போட்டிதான், அங்கேயும் யாரோ ஒருவர் கையில் தாளோடு உட்கார வேண்டியிருக்கிறது.

முகாமுக்குப் பிறகு நான் நடுவராக உட்காரவில்லை. அதற்குப் பதிலாக வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில், எனக்குப் பிடித்த ஒன்றையோ புரியாத ஒன்றையோ வகுப்புக்குக் கொண்டுபோய், எங்கே புரியவில்லை என்பதையும் சொல்லிப் படித்தேன். பிள்ளைகளும் எதையாவது கொண்டு வரலாம். தமிழும் வரலாம். மதிப்பெண் கிடையாது. முதல் வாரம் பதினொரு பேர் தாளோடு வந்தார்கள், அடுத்த வாரம் நான்கு. ஒருவன் எழுந்து, “சார், இது பரீட்சைக்கு வருமா?” என்றான். வராது என்றேன். நோட்டை மூடி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனை நான் ஒன்றும் சொல்லவில்லை.