சூரைச்செடியின் கீழே



பார்க்கின்சன் வியாதியுள்ளவர்களின் வீடுகளைச் சந்திக்கப் போகும்போது நான் அடிக்கடி கேட்கிற பேச்சு இது: "ஐயா, கை நடுக்கத்தைக்கூட தாங்கிக்கலாம். அப்பா ஜெபிக்கவே மனசில்லைங்கிறார். விசுவாசம் போயிடுச்சோ?"

இல்லை, தேவபிள்ளையே! 1817-ல் இவ்வியாதியை விவரித்து எழுதிய ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற மருத்துவர், இதில் புத்தி கெடுவதில்லை என்றார். இன்று மருத்துவர்கள் அறிந்திருப்பது வேறு. மூளையில் டோபமின் போன்ற இரசாயனங்கள் குறையும்போது கை மட்டுமல்ல, மனதும் தளர்கிறது. சிலருக்கு நடுக்கத்துக்குப் பல வருஷம் முன்பே மனச்சோர்வு வந்துவிடுகிறது. இல்லாத ஆள் நிற்பதுபோலத் தெரிவதும் உண்டு. அது வியாதியாலும் வரும், மாத்திரையாலும் வரும். உடனே "பிசாசு" என்று சொல்லிவிடாதேயுங்கள். டாக்டரிடம் சொல்லுங்கள், மனச்சோர்வுக்கும் சிகிச்சை உண்டு. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதேயுங்கள், அது ஆபத்து!

சூரைச்செடியின் கீழே எலியா சாவைக் கேட்டான். தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. தட்டியெழுப்பி, அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் தூங்கவிட்டான். இந்த வாரம் அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்குப் போங்கள். புத்தி சொல்ல வேண்டாம், கூட உட்காருங்கள். அவரால் ஜெபிக்க முடியாத நாளில் அவருக்காக நாம் ஜெபிப்போம். ஆமென்.