மூச்சுக்குப் பிரமாணம் எது?

பாலாற்றங்கரையில், தோல் ஷாப்புகளும் ஷூ கம்பெனிகளும் நிறைந்த இராணிப்பேட்டையில், நாள் முழுதும் தையல் மெஷின் முன் அமர்ந்து காலணிக்கு மேல்தோல் தைக்கும் ஒரு பெண், பாதி மூச்சுக்கு மேல் இழுக்க முடியவில்லை என்றும், இழுத்தால் விலாவில் குத்துகிறது என்றும், இரவில் நீட்டிப் படுக்க இயலாமல் சுவரில் சாய்ந்தபடியே கண்ணயர்வதாகவும் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கேட்பவர்களில் ஒருவர் தோல் நெடி என்பார். மற்றொருவர் காசநோய் என்பார். எக்ஸ்ரே படத்தில் நுரையீரல் தெளிவாயிருக்கிறது என்று தெரிந்த பின்னரோ, எல்லோருமே மனப்பிரமை என்று தீர்ப்புக் கூறிவிடுவார்கள்.

அவளுக்கு லூபஸ் என்னும் வியாதி இருக்குமானால் அந்தத் தெளிவை நம்பி இருந்துவிடலாகாது. சரீரத்தைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி சரீரத்தையே பகையாகக் கொள்ளும் இவ்வியாதி வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். நுரையீரலைச் சுற்றிய உறையில் அழற்சி தோன்றுவது இதில் சாதாரணம். நுரையீரல் சுருங்குவதோ மிக மிக அரிது. 1965-இல் ஹாஃப்பிராண்ட், பெக் என்னும் இரு மருத்துவர்கள் விவரித்த அந்நிலையில், உதரவிதானம் மேலேறி நிற்கும். நுரையீரல் கொள்ளும் காற்று குறைந்துபோகும். ஆயினும் நுரையீரலுக்குள் பழுது எதையும் படம் காட்டாது. குழாயில் ஊதச் சொல்லிக் காற்றை அளக்கும் சோதனையில்தான் குறை வெளிப்படும்.

அவளுடைய சொல், படம் என்னும் இரண்டில் எது பிரமாணம்? பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிவஞான சித்தியார் என்னும் சைவ சித்தாந்த நூலை இயற்றிய அருணந்தி சிவாசாரியார், நேரே அறிவதாகிய காட்சியளவையை நான்காக வகுத்தபோது, ஆன்மா தன் இன்ப துன்பங்களைத் தானே நேரில் அறிவதைத் தன்வேதனைக் காட்சி என்று அவற்றுள் ஒன்றாக வைத்தார். ஊகத்தோடு அதைச் சேர்க்கவில்லை. படத்தின் நிழலைக் கொண்டு உள்ளிருப்பதை நிர்ணயிப்பதே ஊகம். புகையைக் கண்டு நெருப்பு உண்டென்பது செல்லும். புகை காணாமையால் நெருப்பில்லை என்பது செல்லாது. பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை என்பது தருக்க நூல்கள் காட்டும் பழைய உதாரணம். துன்பத்தின் காரணத்தை அவள் அறியாள், அதைக் கண்டறிவது வைத்தியரின் கடமை. ஆனால் துன்பம் உண்டென்பதற்கு அவளே முதற் சாட்சி.

முன்வினை என்று அவள் காதுபடச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். கன்மக் கொள்கையை நான் மறுக்கவில்லை; அது ஒருவன் தன்னைத் தானே விசாரித்துக்கொள்வதற்கு ஏற்பட்டது, அயலார் மீது குற்றப்பத்திரிகை வாசிப்பதற்கு அன்று என்பதே என் துணிபு. சூலை நோயால் துடித்த திருநாவுக்கரசர் தம் கொடுமைகளைத் தாமே நினைத்துப் பாடினார். மதம் மாறிப் போன தம்பியைத் திலகவதியாரோ ஏசவில்லை, திருநீறு அளித்துத் திருவதிகைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். பக்கத்து ஊரான மேல்விஷாரத்து மசூதிகளில் பொறுமைக்கு எடுத்துக்காட்டாகப் போற்றப்படும் அய்யூப் நபியே விவிலியத்தின் யோபு; நீ பாவம் செய்திருக்க வேண்டும் என்று அவரிடம் வாதாடிய நண்பர்களைத்தான் யோபுவின் நூல் முடிவில் இறைவன் கடிந்துகொள்கிறான்.

வைத்தியம் எட்டாமல் பெண்கள் மாண்ட காலமும் உண்டு. ஆண் வைத்தியர் தீண்டலாகாது என்ற ஆசாரத்தால் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் மாண்டதே, 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் மருத்துவம் பயிலக் காரணமாயிற்று. வேலூரில் அவர் தொடங்கிய மருத்துவமனைக்கு 2022 முதல் இராணிப்பேட்டையிலும் ஒரு வளாகம் உண்டு. வைத்தியம் இவ்வளவு அருகில் வந்த பின்னும் மூச்சு முட்டும் அந்தப் பெண்ணை வீட்டிலேயே இருத்தி வைப்பது நம்முடைய அவநம்பிக்கை ஒன்றுதான்.

ஆகவே, லூபஸ் உள்ள பெண்ணொருத்தி மூச்சு முட்டுகிறது என்றால், படம் நன்றாயிருந்தாலும் ஊதும் சோதனை செய்யும்படி வைத்தியரைக் கேளுங்கள். சுருங்கிய நுரையீரல் ஸ்டீராய்டு முதலிய மருந்துகளால் பெரும்பாலோருக்குத் தணிகிறது. மூச்சுத் திணறலோடு இருமலில் இரத்தம் கண்டாலோ, திடீரென வெளிறிப்போனாலோ, காற்றறைகளுக்குள்ளேயே இரத்தம் கசியும் வேறோர் அரிய விபரீதமாக அது இருக்கக்கூடும். அன்றைக்கே மருத்துவமனையில் சேர்த்துவிடுங்கள், மறுநாளைக்கு ஒத்திப்போட வேண்டாம்.